பிணவண்டிக்கு ஓர் அகப்பக்கம்

பிணவண்டிக்கு விளம்பரம் செய்வது எப்படி என்று என்னைக் கேட்டால், எப்படிச் செய்யக் கூடாது என்று முதலில் அரை நாள் பேசுவேன். அத்தனை தப்பையும் ஒன்று விடாமல் செய்து பார்த்தவள் நான்.

என் வீட்டுக்காரர் அந்தத் தொழிலுக்கு வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, சாவு என்று கேள்விப்பட்டால் லீவு போட்டுவிட்டு ஓடுகிற மனிதர். குளிப்பாட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, பெட்டிக்கு முன்னால் தோள் கொடுப்பது எல்லாம் அவர்தான். பெற்ற பிள்ளைகளே இரண்டடி தள்ளி நிற்கும் நேரத்தில் இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போவார். தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு இவர் ஒரு பழைய வேனை வாங்கி, வெள்ளைச் சாயம் அடித்து, ஐஸ் பெட்டியும் கூடாரமும் நாற்காலிகளும் சேர்த்து, கோலா கெத்திலில் எங்கள் வீட்டு வாசலிலேயே தொழிலைத் தொடங்கினார். நான் ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. என் சொந்தத்தில் பாதிப் பேர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. ஊருக்குள் சாவு என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். ஊரைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு தோட்டத்திலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். இப்போது தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருப்பது வயதானவர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும்தான். பிள்ளைகள் டவுன் பக்கம் தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அப்பா மூச்சு நின்றால் பிள்ளைகள் முதலில் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார்கள். தேடினால் வருவது பாலத்துக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் இருக்கிற கம்பெனிகள்.

எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் ஒரு தோட்டம். அங்கே ஒரு பெரியவர் காலையில் தவறிப்போனார். இவர் விஷயம் தெரிந்து சும்மா துக்கம் கேட்கப் போனார். பினாங்கிலிருந்து வண்டி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டதாம். அதுவரை அந்த உடம்பு மின்விசிறிக்குக் கீழே கிடந்திருக்கிறது. தன் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் போன இவர், வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு சமையலறை வாசலில் நின்று சொன்னார். தெற்குக் கோடியில் ஜொகூரில் இருக்கிற கூட்டாளி கூப்பிடுகிறான், சிங்கப்பூருக்குக் கண்டெய்னர் லாரி ஓட்ட ஆள் வேண்டுமாம். "பொங்கல் வரைக்கும் பாக்குறேன். ஒண்ணும் நடக்கலன்னா வண்டிய வித்துட்டுப் போயிர்றேன்."

அப்படியா என்று மட்டும் கேட்டேன். என் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அவர் மாதத்துக்கு ஒரு முறை பெட்டியோடு வருவார், இரண்டு நாளில் பெட்டியோடு போவார். அவருக்கு என்ன கறி பிடிக்கும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த வாழ்க்கை என் பிள்ளைக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். பொங்கலுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அகப்பக்கம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. தொழிற்சாலை அலுவலகத்தில் கணினி தட்டிப் பழகியவள் நான், மூன்று நாளில் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் தெரிந்தது, அதைப் பார்க்க ஆள் வரவழைப்பதுதான் வேலை என்று. தமிழில் சொல்லிக்கொடுக்கும் காணொளிகளைத் தேடினேன். தமிழ்நாட்டுக்காரத் தம்பி ஒருவர் மாட்டினார். மூச்சுக்கு மூச்சு டிராஃபிக், டிராஃபிக் என்பார். டைரக்டரிகளில் பதிவு செய்யுங்கள், அடுத்தவர்கள் பக்கத்திலிருந்து உங்களுக்கு லிங்க் வாங்குங்கள், நாலு பேர் லிங்க் கொடுத்தால்தான் தேடுபொறி உங்களை மனுஷனாக மதிக்கும் என்றார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பிரியாணிக் கடை. பிரியாணிக் கடைக்கு லிங்க் கொடுக்க யாருக்கு என்ன பயம்?

முதலில் டைரக்டரிகள். மலேசியத் தொழில்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் பக்கங்கள் எத்தனையோ இருந்தன. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பெயர், விலாசம், தொலைபேசி எண் என்று நிரப்பினேன். தொழில் வகை என்ன என்று கேட்கும் இடத்தில்தான் தடுமாற்றம். நகம் வெட்டுவதற்கு ஒரு வகை, பூனை குளிப்பாட்டுவதற்கு ஒரு வகை வைத்திருக்கிறார்கள், பிணம் தூக்க ஒரு வகை பல இடங்களில் இல்லை. போக்குவரத்து என்று போடலாமா என்று யோசித்தேன். பயணிகள் யாராவது கூப்பிட்டுவிட்டால் வம்பு. கூடாரம், நாற்காலி, பூ எல்லாம் தருகிறோமே என்று நியாயம் கற்பித்துக்கொண்டு, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் என்ற வகையில் போட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து முதல் அழைப்பு வந்தது. நான் துள்ளிக் குதித்துப் போய் அவரிடம் கைப்பேசியை நீட்டினேன். அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு அம்மா. மகளுக்கு நிச்சயதார்த்தமாம், மேடை அலங்காரத்துக்கு உயிர்ப் பூ போடுவீர்களா, காகிதப் பூவா என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. பூவெல்லாம் போடுவோம், ஆனால் நாங்கள் சாவு வீட்டுக்குத்தான் போடுவது என்று பணிவாகச் சொன்னார். அந்தப் பக்கம் பட்டென்று தொடர்பு அறுந்தது. அந்த அம்மா அன்றைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருப்பார், சந்தேகமே இல்லை.

அடுத்தது லிங்க். சுங்கை பட்டாணியிலும் பக்கத்து ஊர்களிலும் சொந்தப் பக்கம் வைத்திருக்கிற நம் ஆட்களின் கடைகளைத் தேடி எடுத்தேன். புடவைக் கடை, நகைக் கடை, பலகாரக் கடை, பூக்கடை, திருமண மண்டபம். எங்கள் பக்கத்தில் உங்கள் லிங்க் போடுகிறோம், உங்கள் பக்கத்தில் எங்கள் லிங்க் போடுங்கள் என்று அழகாக ஒரு செய்தி எழுதி, பிணவண்டிப் படத்தையும் சேர்த்து, எல்லாருக்கும் வாட்ஸ்அப் புலனத்தில் ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நேரம் காலை ஒன்பது. அத்தனை கடைக்காரர்களும் கடையைத் திறந்து, கல்லாப்பெட்டிக்குச் சந்தனம் வைத்து, சாம்பிராணி காட்டிவிட்டுக் கைப்பேசியைக் கையில் எடுக்கிற நேரம்.

நகைக் கடையும் புடவைக் கடையும் என்னைத் தடை செய்துவிட்டார்கள். மண்டபத்துக்காரர், முதலில் குளித்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று பதில் போட்டார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியாது. பூக்கடைப் பெண் மட்டும் கூப்பிட்டுப் பேசினாள். கல்யாண மாலை கட்டுகிற இடம் அக்கா, இதையெல்லாம் எங்கள் பக்கத்தில் போட்டால் ஆகாது என்றாள். மலர் வளையமும் நீதானே செய்கிறாய் என்று கேட்டேன். அது கடைக்குப் பின்பக்கம் செய்வது என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வேறு யாராவது எனக்கு அப்படிச் செய்தி அனுப்பியிருந்தால் நானே திட்டித் தீர்த்திருப்பேன். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. செத்தால் மட்டும் ஆள் வேண்டும், உயிரோடு இருக்கும்போது பெயர்கூட வேண்டாமா?

ஆத்திரத்தோடேயே மறுநாள் பஸ் ஏறிப் பாலிங்குக்குப் போனேன். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒரு பாய் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பதால், வந்து போகிறவர்களுக்குக் கொடுக்கப் பெரிய பாத்திரத்தில் தேநீர் அவர் கடையிலிருந்துதான் போகும். அவர் கடைக்கு ஓர் அகப்பக்கம் இருந்தது, அதை அவர் மருமகள் பார்த்துக்கொண்டாள். செய்தி அனுப்பிச் சூடு பட்டிருந்ததால் இந்த முறை நேரில் நின்று, என்ன ஏது என்று விளக்கினேன். பாய் பரோட்டா மாவைத் தட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா பஸ் ஏறி வந்தே தங்கச்சி? மௌத்து இல்லாத வீடு எங்க இருக்கு? போட்டுக்க லா" என்றார். மருமகள் அங்கேயே, துக்க வீட்டுத் தேநீர் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே எங்கள் லிங்க்கைப் போட்டாள். எங்களுக்குக் கிடைத்த முதல் லிங்க் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் ஒரு பரோட்டா பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஒரு லிங்க் போதாது. நம் ஆட்கள் பத்திரிகை வாங்கினால் முதலில் எதைப் புரட்டுவார்கள் என்று யோசித்தேன். கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத்தான். சரி, நாமும் போடுவோம் என்று, எங்கள் வண்டியில் போனவர்களுக்கு ஆளுக்கு ஓர் அஞ்சலிப் பக்கம் போட ஆரம்பித்தேன். குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் செய்தேன். பெயர், படம், வயது, தவறிய நேரம், எந்தத் தோட்டம், எந்த லயம், வீட்டு எண் எத்தனை, எந்த மின்சுடலை. கடைசியில், வீட்டு வாசலில் எங்கள் வண்டி நிற்கும் படம். வண்டியின் முன்பக்கம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வெயில் பார்த்து எடுத்தேன்.

அதற்குப் பலன் கிடைத்தது. அதுவரை ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் அதில் இரண்டு நானாக இருப்பேன். இப்போது நூறு பேர் வந்தார்கள், பிறகு இருநூறு. காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பார்ப்பேன். சனிக்கிழமை கூட்டம் நன்றாக இருந்தது, எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தானே விடுமுறை என்று நினைத்துக்கொண்டேன். புதனும் ஞாயிறும் ஏன் கூடுகிறது என்று மட்டும் புரியவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. காணொளித் தம்பி, டிராஃபிக் ஏறினால் தொழில் தானாக ஏறும் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவ்வளவு பேர் எட்டிப் பார்க்கிறார்கள், ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லையே என்றார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இருங்கள் என்று வாயை அடைத்தேன்.

இத்தனை பேரும் எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அதை அந்தத் தம்பி சொல்லி நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஒரு புதன்கிழமை அதைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் ஒரே பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அது நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் கூடும் பக்கம். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் அஞ்சலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே செத்தவர் வயது, வீட்டு எண், மூச்சு நின்ற நேரம் என்று பிரித்து எழுதியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் வண்டியின் பிளேட் நம்பர். இந்த வண்டி ராசியான வண்டி என்று ஒருத்தர் சாட்சி சொல்லியிருந்தார். அவருக்கு ஆறுதல் பரிசு விழுந்ததாம்.

நம் ஊரில் கார் கவிழ்ந்தால், உள்ளே இருக்கிறவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன்னால் பிளேட் நம்பரைப் பார்க்கிற ஆட்கள் நாம். கனவில் செத்தவர் வந்தால், என்ன சொன்னார் என்று கேட்க மாட்டோம், எத்தனை விரல் காட்டினார் என்றுதான் கேட்போம். குலுக்கல் புதன், சனி, ஞாயிறு என்பது எங்கள் வீட்டு நாற்காலிக்குக்கூடத் தெரியும். எங்கள் மாநிலத்தில் நம்பர் கடைகளைச் சாத்திய பிறகு அந்தப் பைத்தியம் முழுக்கக் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நான், பிணவண்டியின் பிளேட் நம்பரை வெயில் பார்த்துப் படம் பிடித்துப் போட்டிருக்கிறேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அத்தோடு அந்த அஞ்சலிகளை எடுத்திருந்தால் நல்லவள். நான் எடுக்கவில்லை. வருகிறவர்கள் யாராக இருந்தால் என்ன, வருகை வருகைதானே, நம்பர் எடுக்கிறவன் வீட்டிலும் சாவு வரும், அப்போது எங்களை நினைப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. இன்னும் வெட்கக்கேடு, அடுத்து வந்த இரண்டு அஞ்சலிகளில் வீட்டு எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்கு எண்ணிக்கை ஏற வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மெர்போக்கில் ஒரு பெரியவர் தவறியிருந்தார். அவருடைய மகள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கருமாதி முடிந்த மறுவாரம் ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். வேலை இடத்தில் அவளோடு நிற்கிற ஒருத்தி, எல்லாருக்கும் மீ கோரெங் வாங்கி வந்து, உங்கப்பா புண்ணியத்தில் விழுந்தது, சாப்பிடு என்று நீட்டினாளாம். என்ன என்று விசாரித்ததில் அவள் அப்பாவின் வீட்டு எண். விசாரித்துக்கொண்டே போனதில் என் அகப்பக்கம். அவள் கத்துவாள் என்று நினைத்துப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"அக்கா, எங்கப்பா காலமெல்லாம் நம்பர் வாங்கியே எங்கம்மாவ அழ வச்சவரு. கடைசி ரெண்டு வருஷந்தான் விட்டாரு. இப்ப அவரையே நம்பராக்கிட்டீங்களே."

மன்னித்துக்கொள் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அப்படியே உட்கார்ந்து எல்லா அஞ்சலிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசிப் பக்கம் போனதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நடந்ததை முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும், கிளம்பு என்றார். மறுநாள் வண்டியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் மெர்போக் போனோம்.

அந்தப் பெண் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று நான் மன்னிப்புக் கேட்டேன், அவளிடமும் கேட்டேன். அவள் உள்ளே போய்க் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு மெல்ல அப்பா தவறிய நாளுக்குப் போனது. அவர் போனது காலை ஏழு மணிக்காம். எங்கள் எண் கிடைக்கும்போது மணி பதினொன்று. நடுவில் நாலு மணி நேரம் அவள் ஒற்றை ஆளாக அலைந்திருக்கிறாள். வீட்டில் செத்தால் முதலில் போலீஸ் நிலையமா ஆஸ்பத்திரியா என்று தெரியவில்லை. போலீஸ் நிலையத்தில் அப்பாவின் அடையாள அட்டை, ஐசி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஐசியோடு போனால் கிளினிக் அட்டை எங்கே என்று மறுபடி திருப்பினார்கள். வரிசையில் நின்றுகொண்டே கைப்பேசியில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள், எதுவும் புரியும்படி இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் யோசித்து எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

"நான் அழவே இல்ல அக்கா அன்னிக்கு. அலையறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு" என்றாள்.

நான் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தேன். இதை எனக்கு முதலிலிருந்து சொல்லுவாயா, எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நம்பருக்கு இல்லை தாயே என்று சொன்ன பிறகு சிரித்தாள். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து எழுதினோம். வீட்டில் ஒருவர் தவறினால் முதலில் என்ன, அடுத்தது என்ன. என்னென்ன அட்டைகள், எத்தனை நகல், யார் போக வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் மலாயில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்பதைக்கூட அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என் வீட்டுக்காரர் நடுநடுவே தனக்குத் தெரிந்ததைச் சேர்த்தார். ஐந்தே ஐந்து படிகளாகச் சுருக்கினோம். பழைய பெருமை எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு அகப்பக்கத்தின் முகப்பில் அதை மட்டும் வைத்தேன்.

வருகை ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இருநூறு பேர் வந்த இடத்தில் ஐந்து பேர், ஆறு பேர். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஒன்றுபோல் இருந்தன. இந்த முறை லிங்க் கேட்டு நான் யாருக்கும் செய்தி அனுப்பவில்லை, அந்தத் தெம்பு இல்லை. மெர்போக் பெண்தான் முதலில் தன் தொழிற்சாலை நண்பர்களின் புலனக் குழுவில் அதைப் போட்டாள். அங்கிருந்து அது ஒரு தோட்டக் கோயில் நிர்வாகத்தின் பக்கத்துக்குப் போனது. பிறகு ஒரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு. கிளினிக்கில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் தன் பக்கத்தில் லிங்க் கொடுத்து, சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படாமல் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். ஒரு நாள் பூக்கடைப் பெண்ணும் போட்டிருந்தாள். தன் பக்கத்தின் கடைக்கோடியில்தான், ஆனாலும் போட்டிருந்தாள். எட்டு, பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறியது. வந்தவர்கள் சட்டென்று ஓடிவிடவில்லை, கடைசி வரி வரைக்கும் படித்தார்கள். அதையும் பார்க்க வழி இருக்கிறது.

ஆனால் அழைப்பு வரவில்லை. வந்த இரண்டும் சந்தேகம் கேட்டு வந்தவை. ஒருவர் பதிவு இலாகா எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். இலவச விசாரணைக் கூடம் திறந்திருக்கிறாய் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். பொங்கல் வந்தது, பால் பொங்கியது, போனது. மறுநாள் அவர் தனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஜொகூருக்கு பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். வண்டியைப் பார்க்க ஓர் ஆள் அடுத்த வாரம் வருவதாகவும் சொன்னார். நான் சண்டை போடவில்லை. அவருடைய சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்துக் கொடுத்தேன். என் அம்மாவும் இப்படித்தான் மடித்து வைத்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியை மடித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும், என் கைப்பேசி அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது. பாலிங் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அவள் மாமியார் விடிகாலையில் தவறிவிட்டாராம். என்ன ஏது என்று நான் கேட்கத் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"அக்கா, நீங்க எழுதுன மாதிரியே நாலாவது வரைக்கும் செஞ்சிட்டோம். போலீஸ் குடுத்த பெர்மிட் கையில இருக்கு. அஞ்சாவதுக்கு நீங்க வரணும்."

கைப்பேசியை அவரிடம் கொடுத்தேன். அவர் வழி கேட்டுக்கொண்டார், ஐஸ் பெட்டியை ஏற்றினார், பத்து நிமிஷத்தில் கிளம்பினார். வண்டி எடுப்பதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்து, நாளைக்குச் சாயங்காலம்தானே பஸ், அதற்குள் முடிந்துவிடும் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலைதான் எடுத்தார்கள். மத்தியானம் அவர் திரும்பி வந்து, வழக்கம்போல் வெளிக் குழாயிலேயே குளித்தார். சாப்பாடு போட்டேன். அங்கே நடந்ததை மெல்லச் சொன்னார். இப்படி ஒரு சாவு வீட்டை அவர் பார்த்ததே இல்லையாம். காகிதங்கள் எல்லாம் ஒரு உறையில் தயாராக இருந்தன, யாரும் பதறிக்கொண்டு ஓடவில்லை, வீட்டுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து மனம்விட்டு அழுதார்கள். அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர் இவர் எண்ணை மண்டபச் சுவரில் எழுதி வைக்கப்போவதாகச் சொன்னாராம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் சோற்றுக் கையோடு நிறுத்தினார்.

"எல்லாரும் அஞ்சாவது, அஞ்சாவதுங்கிறாங்க. அப்படி என்னதான் எழுதி வச்சிருக்க?"

இத்தனை மாதத்தில் அந்தப் பக்கத்தை அவர் முழுதாகப் படித்ததே இல்லை. படிகளைச் சொல்ல உதவியவர், எழுதியதைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் திறந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரல் படாமல் குனிந்து, ஒவ்வொரு படியாக வாய்விட்டு வாசித்தார். ஐந்தாவதில் நான் எழுதியிருந்தது இரண்டே வரி. 'இனி நீங்கள் அலைய வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் என் வீட்டுக்காரரே வருவார், அவர் வந்தபின் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார்.'

அதை மட்டும் அவர் இரண்டாம் முறை சத்தம் இல்லாமல் படித்தார். கை கழுவினார். கூடத்தில் நின்ற துணிப் பெட்டியைத் தாண்டிப் போய், வாசலில் நின்று ஜொகூர்க் கூட்டாளியைக் கூப்பிட்டார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வரலடா. நான் வருவேன்னு இங்க எழுதிக் குடுத்துட்டா லா."